பெயர் சொல்லாத அறிவிப்பாளர்

2023 செப்டம்பர் தொடக்கத்தில், சந்திரயான்-3 நிலவில் இறங்கிப் பத்து நாட்கள் அளவில், வளர்மதி இறந்த செய்தி வந்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ரொக்கெட்டுகள் புறப்படும்போது கவுண்ட்டவுன் சொல்லிவந்தவர். இஸ்ரோவில் முன்பு உயர்பதவியில் இருந்த ஒருவர், இனிவரும் ஏவுதல்களில் அந்தக் குரல் இருக்காது என்று சமூக ஊடகத்தில் எழுதினார். அந்தச் சிறு குறிப்பு இரண்டொரு நாளில் உலகத்தைச் சுற்றிவந்தது. ரொறன்ரோவில் என் கைப்பேசிக்கு மட்டும் ஆறு பேர் அதை அனுப்பினார்கள். அனுப்பிய ஆறு பேரில் ஒருவருக்கும் அதற்கு முதல்நாள் வரை அந்தப் பெயர் தெரியாது.

வந்த அஞ்சலிகளைத் தேடி வாசித்தேன். நான் பார்த்தவை எல்லாம் குரலைப் புகழ்ந்தன. கம்பீரம், கணீர், மறக்க முடியாதது. பாடகி ஒருவருக்கு எழுதிய அஞ்சலியில் பெயரை மட்டும் மாற்றிவிட்டதுபோல இருந்தது. அவர் என்ன சொன்னார், எந்த ஒழுங்கில் சொன்னார், அந்தச் சொற்கள் எப்படிக் கட்டப்பட்டவை என்று ஒருவரும் கேட்கவில்லை. ரொக்கெட் அறிவிப்பு ஒரு பேச்சு வடிவம். அதற்கு வரலாறு இருக்கிறது, இலக்கணம் இருக்கிறது, தரமானதும் தரமற்றதும் இருக்கின்றன. வில்லுப்பாட்டையும் மேடைப்பேச்சையும் விமர்சிக்கத் தெரிந்த நமக்கு இதையும் விமர்சிக்க முடியும். அப்படிக் கேட்டால்தான் வளர்மதியின் இடம் எது என்று தெரியும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். நிலவுக்குப் போகும் ரொக்கெட் பிறப்பதற்கு முன்பே அது பிறந்துவிட்டது. ஜூல்ஸ் வேர்ண் 1865இல் எழுதிய நிலவுப் பயண நாவலில், பீரங்கி வெடிக்கும் முன் ஒருவர் விநாடிகளை எண்ணுகிறார். ஆனால் ஏறுமுகமாக, நாற்பதுவரை. நாற்பதில்தான் வெடிக்கும் என்று முன்பே தெரிந்தவருக்கு மட்டுமே அந்த எண்கள் நெஞ்சைப் பிடிக்கும். 1929இல் வந்த ஃபிரிட்ஸ் லாங்கின் 'நிலவில் பெண்' என்ற ஜேர்மன் படம் அதைத் தலைகீழாக்கியது. எண்கள் குறைந்துகொண்டே வந்து 'இப்போது' என்ற சொல்லில் முடிகின்றன. இறங்குமுகமாக எண்ணினால் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று குழந்தைக்கும் விளங்கும். இன்று எல்லா ஏவுதளங்களிலும் கேட்கிற வழக்கத்துக்கு இந்தப் படமே முன்மாதிரி என்று பொதுவாகச் சொல்வார்கள்.

அது பேசாப் படம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். புகழ்பெற்ற அந்த முதல் கவுண்ட்டவுனுக்குக் குரலே கிடையாது. எழுத்தாகத் திரையில் தோன்றி மறைந்தது. கதையை எழுதியவர் தேயா ஃபொன் ஹார்பு என்ற பெண். 1928இல் வெளிவந்த அவருடைய நாவல்தான் படமானது. திரைக்கதையிலும் அவர் கை உண்டு. பின்னாளில் நாசிக் கட்சியில் சேர்ந்தவர் என்பதால் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாட எனக்கு விருப்பமில்லை. எண்ணிக்கையைத் தலைகீழாக்கியது தன்னுடைய யோசனை என்று லாங் சொல்லிக்கொண்டார். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லவும் நான் வரவில்லை. ஒரு பெண் எழுதிய கதைக்குள் மௌனமாகத் தொடங்கிய எண்ணிக்கை, குரல் பெற்றபோது ஆணின் குரலைப் பெற்றது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

சோவியத் ஒன்றியத்தில் கவுண்ட்டவுன் வழக்கம் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டளைகள் வரும், அவ்வளவுதான். 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் புறப்பட்டபோது தரையிலிருந்து அவருடன் பேசியவர் தலைமைப் பொறியியலாளர் கொரொலியொவ். அதை நாட்டுக்கு வானொலியில் அறிவித்தவர் யூரி லெவித்தான். உலகப்போரின் செய்திகளையும் 1945இன் வெற்றியையும் அறிவித்த அதே குரல். ககாரின் மேலே போன பிறகுதான் மக்களுக்குச் செய்தி வந்தது. தோற்றால் சொல்ல வேண்டியதில்லை என்ற அரசின் ஏற்பாடு அது. இரண்டு ஆண்டு கழித்து, 1963 ஜூன் 16 அன்று, வலந்தினா தெரெஷ்கோவா போனார். 'சாய்கா', கடற்பறவை என்ற அழைப்புப் பெயரோடு ஒரு பெண்ணின் குரல் விண்ணிலிருந்து கீழே வந்தது. ஆனாலும் அந்தக் காலத்தில் மண்ணிலிருந்து அறிவித்த குரல்களில் நினைவில் நிற்பவை எல்லாம் ஆண்களுடையவை.

அமெரிக்கர்கள் வெளிப்படையாக எண்ணினார்கள். மெர்க்குரித் திட்டத்தின் குரல் ஜோன் பவர்ஸ். அப்பலோ 11 புறப்பட்ட 1969 ஜூலை 16 அன்று எண்ணியவர் ஜாக் கிங். தன்னைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தாமல், 'அப்பலோ சாட்டர்ன் ஏவுதல் கட்டுப்பாடு' என்று நிலையத்தின் பெயரால் பேசினார். ஒரு கணம் மட்டும் அந்த நிலையத்துக்குள்ளிருந்து மனிதர் எட்டிப்பார்த்தார். எல்லா எஞ்சின்களும் இயங்குகின்றன என்று சொல்ல வேண்டிய இடத்தில் பன்மை விகுதி விழுந்துவிட்டது. ஒருமையிலேயே சொல்லிவிட்டார். அந்தப் பிழை இன்று வரலாற்றின் ஒரு பகுதி. ஆவணப்படங்களில் அதை நீக்காமல் வைத்திருக்கிறார்கள். உணர்ச்சியில் நா தடுமாறிய நல்ல மனிதர் என்று எல்லாரும் அன்போடு சொல்கிறார்கள். எனக்கும் அந்த இடம் பிடிக்கும். அந்த விழுந்துபோன பன்மையை நினைவில் வைத்திருங்கள், திரும்பவும் அதற்கு வருவேன்.

அதே நாளில் கென்னடி நிலையத்தின் ஏவுதல் அறையில் நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண் பொறியியலாளர் இருந்தார், ஜோஆன் மோர்கன். கருவிகளின் கட்டுப்பாடு அவர் பொறுப்பு. படங்களைக் கூர்ந்து பார்த்தால் வெள்ளைச் சட்டைகளின் வரிசையில் அவரைக் கண்டுபிடிக்கலாம். உலகம் கேட்ட ஒலிபரப்பில் அவரை எங்கும் கண்டுபிடிக்க முடியாது.

இங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வருகிறேன். ஆந்திரக் கரையில், பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் தீவு. சென்னையிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீற்றர். இஸ்ரோவின் ஏவுதல் ஒளிபரப்பு இரண்டு அடுக்குகளால் ஆனது. மேலடுக்கில் தொகுப்பாளர்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாறிமாறி விளக்கம் சொல்வார்கள். திட்டத்தின் நோக்கம், தேசத்தின் பெருமை, ரொக்கெட்டின் எடை எல்லாம் அங்கே வரும். கீழடுக்கில் கட்டுப்பாட்டறையின் ஒலி. கடைசி நிமிடங்களில் மேலடுக்கு அடங்கிப்போய்க் கீழடுக்கு மேலே வரும். வளர்மதியின் குரல் வாழ்ந்தது அந்தக் கீழடுக்கில்.

சந்திரயான்-3 புறப்பட்ட 2023 ஜூலை 14 பிற்பகல் 2.35 மணிக்கான ஒளிப்பதிவு யூரியூப்பில் இருக்கிறது. எண்ணிக்கை பூச்சியத்தைத் தொட்டதும் ரொக்கெட்டின் இரு பக்கத்துத் திண்ம எரிபொருள் பூஸ்டர்கள் எரியத் தொடங்குகின்றன. இரண்டு நிமிடம் அளவில் நடுவிலுள்ள திரவ எஞ்சின்கள் ஆகாயத்திலேயே பற்றிக்கொள்கின்றன. பூஸ்டர்கள் கழன்று விழுகின்றன. விண்கலத்தை மூடியிருந்த கவசம் பிரிகிறது. ஐந்து நிமிடம் கடந்ததும் திரவப் பகுதி கழன்று கிரையோஜெனிக் பகுதி எரிகிறது. சுமார் 16 நிமிடத்தில் சந்திரயான் தனியே பிரிகிறது. இவ்வளவையும் அந்த அறை எப்படிச் சொல்கிறது? பற்றியது. பிரிந்தது. இயல்பு. எழுவாய் கிடையாது. செய்தவர் யாரென்று கிடையாது. அடைமொழியே கிடையாது. 'நோர்மல்' என்ற ஒரு சொல்தான் அந்த மொழியின் உச்சமான பாராட்டு. நாற்பதாண்டு உழைப்பும் பல நூறு கோடி ரூபாயும் எதிர்பார்த்தபடி நடந்துகொண்டால் அதற்குக் கிடைக்கும் பட்டம் 'இயல்பு'.

நம்முடைய மேடை அறிவிப்பு மரபோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கோயில் திருவிழாவிலும் கலியாண மண்டபத்திலும் நூல் வெளியீட்டிலும் ஒலிவாங்கியைப் பிடித்தவர் பெயருக்கு முன்னால் நாலு அடைமொழி வைக்காமல் ஒருவரையும் மேடைக்குக் கூப்பிடமாட்டார். அடைமொழி குறைந்தால் மரியாதை குறைந்ததாகக் கணக்கு. அந்த மரபில் காது பழகிய நமக்கு வளர்மதியின் மொழி வறண்டதாகத் தோன்றலாம். எனக்கு அது ஒரு பெரிய விடுதலையாகத் தெரிகிறது. நடந்ததை நடந்த நேரத்தில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவது. கேட்பவருக்கு என்ன உணர்ச்சி வரவேண்டும் என்று கட்டளையிடாமல் இருப்பது. மேலடுக்கில் தேசம் கொந்தளித்துக்கொண்டிருக்கும்போது கீழடுக்கு விநாடிகளை மட்டும் எண்ணியது. இந்த வடிவத்தின் அழகு அந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதை இவ்வளவு நிதானமாகச் செய்தவர் என்பதற்காகத்தான் வளர்மதியைப் புகழ வேண்டும்.

இனி அந்த விழுந்துபோன பன்மைக்கு வருகிறேன். வளர்மதி எண்ணியது ஆங்கிலத்தில், தென்னிந்திய ஆங்கிலத்தில். நம் அம்மாக்களும் மாமிகளும் வங்கியிலும் வைத்தியசாலையிலும் பேசுகிற ஆங்கிலத்துக்கு அது நெருங்கிய உறவு. ஹொலிவூட் படங்களிலும் தொலைக்காட்சி நகைச்சுவைகளிலும் சிரிப்புக்காகவே எடுத்தாளப்பட்ட உச்சரிப்பு. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலைசெய்த ஓரிடத்தில், தொலைபேசியில் காத்திருப்போருக்கான அறிவிப்பை என் குரலில் பதிவுசெய்தார்கள். மூன்று வாரத்துக்குள் அதில் வேறொருவரின் குரல் ஒலித்தது. கேட்டதற்கு, வாடிக்கையாளருக்குத் தெளிவாக இருக்க வேண்டும் என்றார்கள். நான் சொன்னதும் அவர் சொன்னதும் ஒரே பதினான்கு சொற்கள். ஒன்றுகூட மாறவில்லை. ஜாக் கிங் பன்மையை விழுங்கினால் அது மனிதத்தன்மை, நாங்கள் விழுங்கினால் மொழித்திறன் போதாது. இந்த வேறுபாட்டை இந்த நாட்டில் வேலைசெய்த எங்கள் தலைமுறைப் பெண்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இங்கே பிறந்து வளர்ந்த என் மகள் அந்த ஒளிப்பதிவைக் கேட்டுவிட்டு, "அம்மம்மான்ர இங்கிலிஷ் மாதிரி இருக்கு" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அம்மம்மாவின் ஆங்கிலத்தை அவள் அதுவரை மருந்துக்கடையிலும் பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்திலும்தான் கேட்டிருக்கிறாள். அந்த இடங்களில் அது மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வரும் ஆங்கிலம். ஸ்ரீஹரிகோட்டாவில் அதே உச்சரிப்புக்கு ஓர் அறை முழுவதும் காத்திருந்தது. அது பூச்சியம் என்று சொன்ன விநாடியில் 640 தொன் எடையுள்ள ரொக்கெட் மேலே எழுந்தது. எஞ்சினைப் பற்றவைத்தது கணினி என்பது எனக்குத் தெரியும். ஆனால் காதுக்கு அப்படிக் கேட்கவில்லை. கேட்பவர் காதில் காலத்தின் மேல் அதிகாரம் அந்தக் குரலிடம் இருந்தது. வளர்மதியின் மறைவு புலம்பெயர்ந்த வீடுகளில் இவ்வளவு வேகமாகக் கைமாறியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நாங்கள் துக்கப்பட்டது அந்தப் பெண்ணுக்காக. கூடவே, எங்கள் வீட்டு உச்சரிப்பை ஒரு முறையாவது உலகம் திருத்தாமல் கேட்டதே என்பதற்காகவும்.

அப்படியானால் பெயர் ஏன் தெரியாமல் போயிற்று? பெண் அறிவிப்பாளர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். டெல்லியிலிருந்து ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தியை வாசித்த சரோஜ் நாராயண்ஸ்வாமியை ஒரு தலைமுறைக்கே தெரியும். இலங்கை வானொலியின் ராஜேஸ்வரி சண்முகத்தை இன்றும் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் வீடுகளில் குடும்பத்தில் ஒருவர்போலச் சொல்வார்கள். வானொலியில் செய்தி தொடங்கும்போதே வாசிப்பவர் தன் பெயரைச் சொல்லிவிடுவார். 'வாசிப்பது இன்னார்' என்ற அந்த ஒரு தொடர் வெறும் சம்பிரதாயமாக இருக்கலாம். ஆனால் வருவதற்கெல்லாம் ஒருவர் பொறுப்பு என்று அது கேட்பவருக்குச் சொல்கிறது. பெயர் தெரிந்ததால் நேயர்கள் கடிதம் எழுதினார்கள், கண்டித்தார்கள், நினைவில் வைத்திருந்தார்கள். ரொக்கெட் அறிவிப்பில் அந்தத் தொடர் இல்லை. அறிவிப்பவர் நிலையத்துக்குள் கரைந்துவிட வேண்டும் என்பது வடிவத்தின் விதி. ஜாக் கிங்கும் அந்த விதிக்குள்தான் பேசினார். ஆனால் செய்தியாளர்கள் அவரைச் சூழ்ந்திருந்தார்கள், பத்திரிகைகள் அவர் பெயரைப் பரப்பின. விதி ஒன்றுதான். விதிக்கு வெளியே பெயர் போய்ச்சேரும் பாதை எல்லாருக்கும் ஒன்றாக இல்லை.

இது வெறும் வாசிப்புத்தானே, எழுதிக் கொடுத்ததைச் சொல்வதற்கு என்ன பெரிய திறமை வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். ஏவுதல் கெட்டுப்போகும்போதுதான் அதற்குப் பதில் கிடைக்கும். 1986 ஜனவரி 28 அன்று சலெஞ்சர் விண்ணோடம் புறப்படும்வரை கென்னடியிலிருந்து பேசியவர் ஹியூ ஹரிஸ். கோபுரத்தைத் தாண்டியதும் வழக்கப்படி அறிவிப்பு ஹூஸ்டனுக்கு, ஸ்டீவ் நெஸ்பிட்டிடம் போயிற்று. 73ஆவது விநாடியில் விண்ணோடம் சிதறியது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது முன்னாலிருந்த எண்களை. அதனால் வானத்தில் புகை இரண்டாகப் பிரிந்த பிறகும் வேகத்தையும் உயரத்தையும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு நீண்ட மௌனம். அதன் பின், பெரிய கோளாறு ஒன்று நடந்துவிட்டது என்பது வெளிப்படை என்று அமைதியாகச் சொன்னார். உணர்ச்சியே இல்லாதவர் என்று அவரைக் கடிந்தவர்கள் உண்டு. நான் அந்த மௌனத்தை மதிக்கிறேன். தெரியாததைச் சொல்லவில்லை. தெரிந்ததும் மறைக்கவில்லை. இந்த வடிவத்தில் நேர்மை என்றால் அதுதான்.

இந்த அளவுகோலால் இஸ்ரோவையும் அளக்க வேண்டும். 2021 ஓகஸ்ட் 12 அதிகாலையில் ஜிஎஸ்எல்வி-எஃப்10 ரொக்கெட், ஈஓஎஸ்-03 செயற்கைக்கோளைச் சுமந்து கிளம்பியது. முதல் இரண்டு பகுதிகளும் சரியாக வேலைசெய்தன. கிரையோஜெனிக் பகுதி பற்றவில்லை. செயல்பாட்டில் பிறழ்வு தெரிகிறது என்று கட்டுப்பாட்டறையிலிருந்து அறிவிப்பு வந்தது. அது நேர்மையான வாக்கியம், வடிவத்துக்கு ஏற்ற வாக்கியம். அதன் பின் தலைமையிலிருந்து வந்த விளக்கத்தில், திட்டத்தை முழுமையாக நிறைவேற்ற முடியவில்லை என்ற சொல்லாட்சி இருந்தது. செயற்கைக்கோள் இழந்தாகிவிட்டது. அதில் அரைகுறையாக நிறைவேறியது எது? 'முழுமையாக' என்ற அந்த ஒரு சொல்லில் கீழடுக்கின் மொழி மேலடுக்கின் மொழியாக மாறிவிட்டது. எண்ணுபவர்கள் இயல்பு, பிறழ்வு என்ற இரண்டே சொற்களோடு வாழ, பதவியில் இருப்பவர்களுக்கு மூன்றாவதாக ஒரு சொல் தேவைப்படுகிறது.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நோய் இல்லை. 2023 ஏப்ரல் 20 அன்று ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் புறப்பட்டு நாலு நிமிடத்தில் வெடித்துச் சிதறியபோது, ஊழியர் கூட்டம் கைதட்டி ஆரவாரம் செய்தது. திட்டமிடாத வேகமான பிரிப்பு என்ற அவர்களுடைய நகைச்சுவைத் தொடரைத் தொகுப்பாளர் ஜோன் இன்ஸ்புரக்கர் சொன்னார். சிரிக்கலாம். ஆனால் அது அறிவிப்பாக இல்லை, விளம்பரமாக இருந்தது.

ஸ்பேஸ்எக்ஸ் ஒளிபரப்புகளில் பெண்கள் நிறையவே இருக்கிறார்கள். கேட் டைஸ், ஜெஸ்ஸி அண்டர்சன், முன்பு லோரன் லயன்ஸ். எல்லாரும் அந்த நிறுவனத்தில் பொறியியலாளர்களாக வேலைசெய்தவர்கள். பெயர் சொல்கிறார்கள், முகம் காட்டுகிறார்கள், தங்கள் வேலை என்ன என்று சொல்லித் தொடங்குகிறார்கள். வானொலியின் 'வாசிப்பது இன்னார்' அங்கே திரும்பி வந்துவிட்டது. ஓர் இளம்பெண் அதைப் பார்த்து நானும் பொறியியலாளராகலாம் என்று நினைத்தால் அது நல்லதே. ஆனால் அவர்களுக்குத் தரப்பட்டது மேலடுக்கு. விளக்குவது, உற்சாகப்படுத்துவது, இடைவெளியை நிரப்புவது. பெண்ணின் குரலுக்கு இந்த வேலையை ஒதுக்குவதில் ஒரு பழைய வழக்கம் ஒளிந்திருக்கிறது. 1960களில் அமெரிக்காவின் பி-58 குண்டுவீச்சு விமானத்தில் எச்சரிக்கைகளைப் பதிவுசெய்து வைத்தது ஜோன் எல்ம்ஸ் என்ற நடிகையின் குரலில். ஆண் விமானிகளுக்கு நடுவில் பெண்குரல் தனித்துக் கேட்கும் என்பது காரணம். விமானிகள் அந்தக் குரலுக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. குரல் பெண்ணுடையது, கை ஆணுடையது என்பதுதான் ஏற்பாடு.

சில சமயம் அது தலைகீழாகவும் வரும். 2022 நவம்பர் 16 அன்று ஆர்ட்டெமிஸ் 1 புறப்பட்டபோது ஏவுதல் இயக்குநர் சார்லி பிளாக்வெல்-தொம்சன், நாசாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். எண்ணிக்கையை உலகுக்குச் சொன்னவர் டெரோல் நெய்ல் என்ற ஆண். முடிவு பெண்ணுடையது, குரல் ஆணுடையது. இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொன்னால் நான் தயங்காமல் முடிவைத்தான் கேட்பேன். வெறும் குரலைக் கொடுத்துவிட்டு அதைச் சமத்துவம் என்று யாரும் கணக்குக் காட்டக்கூடாது.

வளர்மதி இந்த இரண்டு வரிசையிலும் அடங்கவில்லை என்பதே என் வாதம். மேலடுக்கில் விளக்கம் சொல்ல அமர்த்தப்பட்ட தொகுப்பாளர் அல்லர். விமானத்துக்குள் அடைத்துவைத்த பதிவுக் குரலும் அல்லர். அந்த ஏவுதளத்தில் வேலைசெய்த ஒருவர், வேலையின் ஒரு பகுதியாக வேலையின் மொழியில் பேசினார். சந்திரயான்-2 திட்டத்தை வனிதாவும் ரிது கரிதாலும் தலைமையேற்று நடத்தியதையும், சந்திரயான்-3இல் கல்பனா இணைத் திட்ட இயக்குநராக இருந்ததையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், அந்த அறையில் பெண்குரல் அலங்காரத்துக்காக வைத்ததாகத் தோன்றாது. முடிவெடுப்பவர்களும் அளப்பவர்களும் எண்ணுபவர்களும் ஒரே கூட்டத்திலிருந்து வந்தார்கள்.

ஆனால் ஊடகம் அதை அப்படிப் பார்க்கவில்லை. 2014 செப்டம்பரில் மங்கள்யான் செவ்வாயை அடைந்தபோது, பட்டுச்சேலை கட்டிப் பூ வைத்த பெண்கள் கட்டித்தழுவி மகிழும் படம் உலகெங்கும் போயிற்று. அவர்கள் நிர்வாகப் பிரிவில் வேலைசெய்தவர்கள் என்று பின்னர் தெளிவுபடுத்தினார்கள். திட்டத்தில் உழைத்த பெண் விஞ்ஞானிகள் வேறு பலர் இருந்தார்கள், அவர்கள் அந்தப் படத்தில் இல்லை. 2019இல் வந்த 'மிஷன் மங்கள்' என்ற இந்திப் படம் பூரி பொரிக்கும் அடுப்பிலிருந்து எரிபொருள் சிக்கனத்தைக் கண்டுபிடிக்கும் பெண்ணைக் காட்டியது. அறிவு ஆய்வுகூடத்தில் இருந்தால் போதாது, அது சமையலறை வழியாக வந்தால்தான் நம் பார்வையாளருக்குச் செரிக்கும் என்ற கணக்கு. வளர்மதிக்கு வந்த அஞ்சலிகளும் இதே கணக்கில்தான் எழுதப்பட்டன. சேலைக்குப் பதிலாகக் குரல், அவ்வளவுதான் வித்தியாசம். வேலையிலிருந்து ஓர் அழகைப் பிரித்தெடுத்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டோம்.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் சிறிய ரொக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். தமிழ்நாட்டு மண்ணிலிருந்து ரொக்கெட் புறப்படும் நாளில் எந்த மொழியில் எண்ணுவார்கள் என்ற கேள்வி எழுகிறது. தமிழில் எண்ணினால் எனக்கும் மகிழ்ச்சிதான். பத்திலிருந்து ஒன்றுவரை நம் எண்கள் சொல்வதற்குச் சுகமானவை. ஒரே பயம், தமிழில் எண்ணத் தொடங்கினால் நம் மேடை அறிவிப்பாளரும் கூடவே வந்துவிடுவார். பூச்சியத்துக்கு முன்னால் நாலு அடைமொழி வைப்பார். எண்ணுபவர் யாராக இருந்தாலும், எந்த மொழியில் எண்ணினாலும், கீழடுக்கின் ஒழுக்கத்தை அவருக்கு விட்டுவிடுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் வானொலியிலிருந்து எடுத்துக் கொடுங்கள். தொடங்கும்போது, 'எண்ணுவது இன்னார்' என்று அவர் தன் பெயரைச் சொல்லட்டும்.